பர்வீன் அக்காவின் சூளை

பர்வீன் அக்காவுக்கு வங்கிக் கடன் கிடைத்து இன்றோடு நாற்பத்தொரு நாள். அவர் பட்டறையில் சொந்தச் சூளை வந்துவிட்டது. நான் இன்னும் பொதுச் சூளையில் என் முறைக்காகக் காத்திருக்கிறேன். அகல்விளக்குகளின் அடியில் என் முதலெழுத்தைக் கீறி, மற்றவர்களின் பொம்மைகளோடு அடுக்குகிறேன். சேத்தியாத்தோப்பு வியாபாரி, கார்த்திகைக்குள் தர முடியாவிட்டால் பர்வீனிடம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

வேதியியல் படித்தவள் நான். அக்காவுக்கு விளக்குக்குப் பூசும் மெருகைக் கலக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அவர் சூளையைத் திறக்கும்போதெல்லாம் ஒரு விளக்காவது வெடித்திருக்காதா என்று பார்ப்பேன். வெடித்திருக்காது.

இன்று காலை அவர் ஆட்டோவோடு வந்து நின்றார்.

"ஏறு பூர்ணிமா, பேங்குக்குப் போவலாம். எனக்குக் குடுத்தவங்க உனக்கு மட்டும் ஏன் இல்லன்னாங்க? மேனேஜர நானே கேக்குறேன்."

"வேணாங்க்கா."

"பட்டம் வாங்குன, வாய வாங்கலியா? உன் மனுவ எடுத்துக் காட்டச் சொல்றேன், வா."

ஆட்டோ கிளம்ப உறுமியது. நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவங்க இல்லன்னு சொல்லலக்கா. பேங்க் வாசல் வரைக்கும் போனேன், உள்ள போவப் பயந்து திரும்பிட்டேன். நான் மனுவே குடுக்கல."