எல்லைக்கல்லில் நின்ற சென்டர் பார்வர்டு

"காப்பு கட்டின கையோட எல்லையத் தாண்டினா அம்மா சும்மா வுட மாட்டாடா!"

"எந்த அம்மா? துரோபதையம்மாளா, நீயா?"

வேண்டாம்மாளும் அவள் மகன் தர்மராஜும் போட்ட சண்டையை யாரும் ஒட்டுக்கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏரிக்கரைத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. கேட்காமல் இருந்தால்தான் மரியாதைக் குறைவு.

தீமிதிக்குக் காப்பு கட்டியவன் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மகனுக்கு அம்மை இறங்கினால் அவனைத் தீ மிதிக்க வைப்பதாக வேண்டிக்கொண்டவள் அவள். மஞ்சள் கயிறு கையில் ஏறிய பிறகுதான் மாமல்லபுரத்தில் கால்பந்து பைனல் என்று சேதி வந்தது. மதராஸிலிருந்து ரயில்வே டீமுக்கு ஆள் பார்க்கிறவர் வருகிறாராம். பிடித்துப்போனால் தர்மராஜுக்கு உத்தியோகம்.

தர்மராஜ் எங்கள் சென்டர் பார்வர்டு. நிறைய கோல் போடுவான். அதைவிட நிறையப் பேசுவான். செங்கல்பட்டுப் பள்ளிக்கூடத்து இத்தாலிச் சாமியார் தம் நாட்டுப் பந்தாட்டக்காரர் ஒருவரின் படத்தை அவனுக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தார். அந்த ஆள் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தது, இருபது வயதில் நாட்டுக்கே கோல் போட்டது, கால் ஒடிந்து ஊரே கைவிட்டபின் எழுந்து வந்து மறுபடி போட்டுத் தள்ளியது எல்லாம் எங்கள் தெருவுக்கு மனப்பாடம்.

"அந்த இத்தாலிக்காரன் ஒடிஞ்ச காலோட ஆடினாம்மா. எனக்கு ஒரு கயிறு. அவ்ளோதான்."

"அவன் எந்த அம்மனுக்குடா காப்பு கட்டினான்?"

தர்மராஜ் தெருவில் நின்ற எங்கள் பக்கம் திரும்பினான். "நான் தாண்டல. மேட்ச்ச இங்க வரச் சொல்லு. நான் இல்லாம ஜெயிச்சா அது கப்பு இல்ல, வெறும் சொம்புன்னு மாமல்லபுரத்தான்கிட்ட போய்ச் சொல்லுங்கடா!"

மாமல்லபுரம் டீமின் கேப்டன் ராஜாராமுக்கு ரோஷம் பொத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை டீமோடு பஸ்ஸில் வந்து இறங்கினான். மதராஸ்காரரும் அதே பஸ்ஸில்.

வற்றிய ஏரிதான் மைதானம். சுண்ணாம்புக் கோடு போட்டபிறகுதான் ஊருக்கு உறைத்தது, எல்லைக்கல் நடுக்கோட்டில் நிற்கிறதென்று. பாதி மைதானம் பக்கத்து ஊர்!

முதல் பாதியில் தர்மராஜ் ஊர்ப்பக்கத்து கோலை நோக்கி ஆடினான். இரண்டு போட்டான். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது. அடிக்க வேண்டிய கோல் எல்லைக்கு அப்பால்.

"வா மச்சான், இன்னா தயக்கம்? அம்மா திட்டுமா?" என்றான் ராஜாராம். தர்மராஜ் கல்லுக்கு இப்பாலேயே நின்று வந்த பந்தையெல்லாம் தடுத்தான். அப்படியும் இரண்டு உள்ளே போய்ச் சமமாகிவிட்டது. இவன்தான் வரமாட்டானே என்று அவர்கள் கோல்கீப்பர் கரையோரம் நின்று நுங்கு உறிஞ்சிக்கொண்டிருந்தான். தர்மராஜ் அதைப் பார்த்தான். கல்லை உரசி நின்றபடியே ஓங்கி ஓர் உதை. நுங்கைக் கீழே போட்டுவிட்டு அவன் ஓடி வருவதற்குள் பந்து கோலுக்குள்.

கால் தாண்டியதா இல்லையா என்று இரண்டு ஊரும் கத்தின. "என் புள்ள தாண்டல! கண்ணு அவிஞ்சவன் வேணா தாண்டிச்சின்னு சொல்லட்டும்!" என்று வேண்டாம்மாள் போட்ட போட்டில் எல்லா வாயும் மூடிக்கொண்டது.

மதராஸ்காரர் தர்மராஜின் தோளைத் தட்டினார். "பிரமாதமா தடுக்கறே. பின்னால நின்னு தடுக்கற பேக்கா எடுத்துக்கறேன். அடுத்த மாசமே வேலை."

"நான் கோல் போடறவன் சார்."

"முன்னால ஆட எங்ககிட்ட ஆள் இருக்குப்பா."

"அப்ப எனக்கு வேலை வேணாம்."

தெருவே தலையில் அடித்துக்கொண்டது. காலணா சம்பாத்தியமில்லாதவனுக்கு வந்த திமிரைப் பார் என்று நாங்கள் பேசாத பேச்சில்லை. கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்த ராஜாராம் மட்டும், "எங்க டீமுக்கு வா அண்ணாத்த. முன்னாலயே நில்லு" என்றான். மச்சான் அதற்குள் அண்ணாத்தை ஆகிவிட்டான்.

தர்மராஜ் தீ மிதித்தான், காப்பை அவிழ்த்தான், போனான். ராஜாராம் வீட்டுச் சவுக்குக்கட்டை மண்டியில் வேலை. தை மாதம் ராஜாராமின் தங்கை சம்பூர்ணத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடித்தனம். அடுத்த பைனலில் எங்கள்மேல் மூன்று கோல் போட்டான். வேண்டாம்மாள் எங்கள் நடுவிலேயே உட்கார்ந்து கைதட்டினாள். நாங்கள் முறைத்ததோடு சரி. ஆவணியில் அவளும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மாமல்லபுரம் போய்விட்டாள்.