டெக்ஸ்டரின் பாதாளம்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்ததிலிருந்து டெக்ஸ்டருக்கு போபோடியில் இருக்கும் வீட்டு ஹால்தான் உலகம். ஆனால் சும்மா கிடக்கிற ஆளா அவன்? மாமா மகன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த பாதாள விளையாட்டுப் பெட்டியில், அட்டைச் சுரங்கத்துக்குள் பொம்மை வீரர்களை நகர்த்தி ஆடுகிற அதில், இருந்த கதைகளையெல்லாம் ஆடித் தீர்த்துவிட்டு, சொந்தமாகவே பாதாளம் கட்ட ஆரம்பித்துவிட்டான். ஃபேக்டரியில் டிராயிங் போட்ட கை. கிராஃப் தாளில் சுரங்கம், பிஸ்கட் அட்டையில் அறைகள், எம்-சீல் பசையைப் பிசைந்து பூதங்கள்.

கட்டினால் போதாதே, யாராவது ஆடிப் பார்க்க வேண்டும். அந்த வேலை தங்கை டானியாவுக்கும் அம்மா சத்தியவதிக்கும். இருவரும் ஒரே கட்சி. ஆளுக்கு இரண்டாக நான்கு பொம்மை வீரர்களும் சேர்ந்தே உள்ளே போய், பந்தம் அணைவதற்குள் சேர்ந்தே வெளியே வரவேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் பந்தம் கொஞ்சம் எரிந்து குறைவதாகக் கணக்கு. அதைப் பிடித்திருப்பவள் டானியா. அவள் சொன்னால்தான் கதவைத் திறக்கலாம். ஆடும்போது டெக்ஸ்டர் வாயே திறக்கமாட்டான். கட்டினவன் குறிப்புக் கொடுத்தால் அது என்ன சோதனை என்பான். எங்கே திணறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு, மறுநாள் பாதாளத்தைத் திருத்துவான்.

டானியாவுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. அம்மாவுக்குத் தெரியும். அண்ணனிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. அவனைப் பிடித்து நடக்க வைப்பதிலிருந்து முதுகுக்குத் தைலம் தேய்ப்பதுவரை எல்லாம் அவள்தானே. "இந்தப் பாதாளத்தை ஜெயிச்சதும் சொல்லிடறேன் மம்மி" என்று வாக்குக் கொடுத்திருந்தாள். திங்கட்கிழமை மஸ்கட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இன்று ஞாயிறு. பாதாளமோ ஒவ்வொரு தடவையும் கடைசிக் கதவருகே பந்தத்தை அணைத்து அவர்களை விழுங்கிக்கொண்டிருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அட்டையை விரித்தார்கள். வழியில் ஒரு பூதமும் இல்லை. டானியாவுக்கு அதுவே பயமாக இருந்தது. அண்ணன் எல்லாவற்றையும் கடைசியில் மொத்தமாக வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். கடைசிக் கதவுக்கு முன்னால் நான்கு வீரர்களும் போய் நின்றார்கள்.

"திறடி" என்றாள் சத்தியவதி.

"இரு மம்மி. பொறி இருக்கான்னு தேடறேன்."

தேடினாள். ஒன்றுமில்லை. வலப்பக்கச் சுவரைத் தேடினாள், தரையைத் தேடினாள். தேடத் தேடப் பந்தம் எரிந்துகொண்டே வந்தது.

"அரே, என் குள்ள வீரன் நின்னு நின்னே செத்துருவான் போல" என்று சத்தியவதி சலித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு தடவை" என்றாள் டானியா.

டெக்ஸ்டர் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். பிறகு, ஆட்டத்துக்கு நடுவில் முதல் முறையாகப் பேசினான்.

"கதவு பூட்டலை, டானியா."

"நீ பேசக்கூடாதுல்ல?"

"பேசாம என்ன பண்றது? முதல்ல கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த ராட்சசனை எடுத்தேன். அப்புறம் பொறியை. அப்புறம் பூட்டை. போன வாரத்துலேர்ந்து அங்க ஒண்ணுமே இல்ல, வெளிய போற வழிதான். நீதான் திறக்கமாட்டேங்கிற." கண்ணைத் திறந்து, "மஸ்கட்ல எப்ப சேரணும்?" என்றான்.

டானியா அம்மாவைப் பார்த்தாள்.

"மம்மி சொல்லலை. பாஸ்போர்ட்டுக்கு போலீஸ்காரர் விசாரிக்க வந்தப்ப வீட்ல யார் இருந்தா? நான்தானே. மஸ்கட் வேலைக்கான்னு அவரே கேட்டார். நல்ல பொண்ணுன்னு சொல்லி அனுப்பினேன்."

இத்தனை நாளும் தெரிந்துகொண்டே அவளுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறான். டானியாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாவி! சொல்லியிருந்தால் காலம் முழுக்க அவனைக் கரித்துக்கொட்டியபடி நிம்மதியாக இங்கேயே இருந்திருப்பாள். தன்னைப் பிடித்துவைத்திருந்தது அவனில்லை என்றால், பிறகு யார்?

"போ. நான் பாத்துக்கறேன்" என்றான் டெக்ஸ்டர்.

"திறடி" என்றாள் அம்மா மறுபடியும், இந்த முறை மெதுவாக.

டானியாவுக்குக் கதவைத் திறக்கக் கை வரவில்லை.