நின்றால் வரும் வலி

ஸ்கேன் சென்டரில் மூன்று இரும்பு நாற்காலிகளை மறித்து ஸ்வாதி நீட்டிப் படுத்திருந்தாள். எதிர்ச் சுவரோரம் அவளுடைய அப்பா நம்பிராஜன் முதுகை வளைக்காமல் நின்றிருந்தார்.

“ஏட்டி, எந்திச்சு உக்காரு. நாலு பேரு பாக்காங்க.”

“உக்காந்தா தலை தெறிக்கிப்பா. பாக்கட்டும்.”

ராயகிரியில் அவர் வீட்டுப் பெண்கள் யாரும் அந்நிய ஆட்கள் முன்னால் கால் நீட்டியதில்லை. கிணறு வற்றிய பிறகுதான் ஸ்வாதி தென்காசியில் ஒரு ஜவுளிக்கடைக்குச் சேலை எடுத்துப் போட வந்தாள். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை நிற்கிற வேலை. போன மாதம் மேல்தட்டிலிருந்து ஒரு பட்டுப் பெட்டியை எக்கி இழுத்தபோது முதுகில் சுருக்கென்றது. மறுநாளிலிருந்து தலைவலி. பதினோரு மணிக்கெல்லாம் குடோனுக்குள் போய்ச் சேலைக்கட்டுகளின் மேல் படுத்துவிடுவாள். மூன்றாம் முறை மேனேஜர் பால்வண்ணநாதன் பார்த்துவிட்டார். அந்த வாரமே பேச்சு ஊருக்கு வந்து சேர்ந்தது: நம்பிராஜன் மகள் பட்டப்பகலில் குடோனில் படுத்துக் கிடக்காளாம். யாரோடு என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை.

தலையை எடுத்த முதல் சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தது.

“நடிக்கா அண்ணாச்சி,” என்றார் மேனேஜர் போனில். “திங்கக்கெழமைக்குள்ள நோய்தான்னு எழுத்துல கொண்டாங்க. இல்லேன்னா ஆள மாத்திருவோம்.”

வேலை போனால் கடை கொடுத்த இன்சூரன்ஸ் அட்டையும் போகும். நம்பிராஜனுக்கு அது பெரிதாகப் படவில்லை. வீட்டுப் பேரைக் கழுவ ஒரு காகிதம் வேண்டும். அதற்காகத்தான் இந்த இரண்டாவது ஸ்கேன்.

ஸ்வாதியை உள்ளே கூட்டிப்போய் முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் ராபியா வெளியே வந்தார்.

“அண்ணாச்சி, இந்தப் பிள்ள உள்ள வரும்போது தலையப் பிடிச்சுட்டு வந்தா. இவ்வளவு நேரம் படுத்திருந்துட்டு இப்போ வலியே இல்லைங்கா. வீட்டுலயும் இப்படித்தானா?”

“விடியக்காலம் நல்லாப் பேசுவா. எந்திச்சு செத்த நேரம் நடந்தா சுருண்டுருவா. அதான் நடிப்புங்காங்க.”

“நடிப்பில்ல. வாங்க, காட்டுதேன்.”

திரையில் ஸ்வாதியின் தலை பக்கவாட்டில் பிளந்ததுபோல் தெரிந்தது. “மூளை ஒரு தண்ணியில மிதக்கு. தண்டுவடம் நெடுக அந்தத் தண்ணிய ஒரு உறை பிடிச்சு வச்சிருக்கு. உறை எங்கனயோ கிழிஞ்சு கசியுது. தண்ணி கொறஞ்சதால மூளை கீழ எறங்கியிருக்கு பாருங்க. நின்னா இன்னும் இழுக்கும். படுத்தா அடங்கிரும்.” அடுத்த படத்தில் முதுகெலும்பு. உறைக்கு வெளியே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது.

நம்பிராஜன் முதல்முறையாகக் குனிந்தார். மூக்கு திரையில் இடித்துவிடும்போல் இருந்தது.

“இதான் ஈரமா? அப்போ ஓட்டை எங்கன?”

“அது இதுல தெரியாது. நெடுக ஈரமாத்தான் கெடக்கு.”

“எங்க குளத்துலயும் அதான் கதை. கரைக்கு வெளிய ஒரு எடத்துல ஊறும், ஓட்டை வேற எடத்துல இருக்கும். தண்ணியில உமியத் தூவி, எங்கன இழுக்குன்னு பாப்போம்.”

டாக்டர் நாற்காலியோடு திரும்பினார். “அதேதான் அண்ணாச்சி! மதுரையில முதுகுல மருந்து செலுத்தி, அது எங்கன வெளியேறுதுன்னு சி.டி.ல பாப்பாங்க. எடம் தெரிஞ்சா அடைச்சுரலாம். இன்சூரன்ஸ் இருக்குல்லா?”

“இருக்கு. நடிப்பில்லேன்னு எழுதிக் குடுங்க.”

“அப்படி எழுத மாட்டோம். நின்னா வலி வரும்னு எழுதுதேன்.”

“நிக்கவே முடியாதுன்னு எழுதுங்க. அழுத்தமா.” டாக்டர் படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு அப்படியே எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை கடையின் முதல் மாடியில் அவர் காகிதத்தை நீட்டினார். “சத்தமா வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும்.”

பால்வண்ணநாதன் வாசித்தார். கவுண்டர்ப் பெண்கள் கையிலிருந்த சேலையை மடிக்காமல் கேட்டார்கள்.

“தப்பாப் பேசிட்டோம் அண்ணாச்சி. மன்னிக்கணும்.”

நம்பிராஜன் மீசையைத் தடவிக்கொண்டார். மகளைப் பார்த்தார். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடியிருந்தாள்.

“ஆனா நிக்கவே முடியாதுன்னு டாக்டரே எழுதிட்டாங்க,” என்று மேனேஜர் காகிதத்தை மடித்தார். “எங்ககிட்ட இருக்கது நிக்கிற வேலைதான். இன்சூரன்ஸ் அட்டையக் குடுத்துரும்மா.”

“மதுரைக்குப் போயி அடைச்சதும் வந்துருதேன் சார். ரெண்டு மாசம்தான்.”

“குத்தாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சு. குளிச்சிட்டு வார கூட்டம் பூரா இங்கனதான் ஏறும். வேற ஆள் போட்டாச்சும்மா.”

நம்பிராஜன் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். மேனேஜர் அதைக் கோப்பில் வைத்துக் கட்டிவிட்டார்.

கவுண்டருக்குப் பின்னால், உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது வாங்கிப் போட்ட நாலு ஸ்டூல்கள் இருந்தன. பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை. மேலே சேலைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் நாலு பெண்கள், ஒரு பாதத்தைத் தூக்கி மறு கெண்டைக்காலில் ஒட்டி, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.