பிந்தி வந்த வெடிச்சத்தம்

எல்ல என்கிற ஊருக்கும் தெமோதரைக்கும் நடுவில் ரயில்பாதைக்காக மலையைக் குடைந்த கூட்டத்தில் மாடசாமி வெடிகாரராக இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் வைத்த வெடி அப்போதே பாறையைப் பிளந்தது. அதன் சத்தம் ஞாயிற்றுக்கிழமை பதுளைச் சந்தையில், கருவாட்டுக் கடைக்கும் பாக்குக் கடைக்கும் இடையில் கேட்டது. கருவாட்டுக்காரரின் தராசு ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. சில வருடங்களுக்கு முன்னால் கண்டிப் பக்கம் முஸ்லிம்களின் கடைகள் எரிந்ததை மறக்காத புடவைக்கடை பாறூக், அவசரமாகப் பலகைகளைப் போட்டு மூடிவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து ஓதத் தொடங்கினார். புகை எதுவும் எழவில்லை, ஒருவரும் சாகவில்லை. அந்த வாரம் வெங்காயம் மலிவு. அதனால் ஓடிய சனங்கள் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பேரம் பேசினார்கள்.

வெள்ளைக்காரர்களின் பெரிய சண்டை முடிந்து, பண்டாரவளையோடு நின்று போயிருந்த பாதை வேலை மறுபடியும் தொடங்கியிருந்த காலம் அது. தேயிலைத் தோட்டத்தில் கங்காணியின் வாய்க்குப் பயந்து கிடந்த ஆண்கள் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். வீரய்யாவும் அப்படிப் போனவன். பாறையில் வெடிமருந்து வைப்பதற்குத் துளை போட வேண்டும். நீண்ட இரும்பு உளியை வீரய்யா இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான், தம்பையா சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பான். துளைகள் தயாரானதும் மாடசாமி மருந்தைக் கெட்டித்துத் திரி வைத்துக் கொளுத்துவார். எல்லாரும் வெளியே ஓடி வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். எத்தனை துளைக்கு மருந்து வைத்தார்களோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் உள்ளே ஒரு துளையில் மருந்து வெடிக்காமல் பதுங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். அது தெரியாமல் போய் உளியை வைப்பவனின் உடம்பைக் கூடையில்தான் அள்ள வேண்டும். முந்திய மழைக்காலத்தில் அப்படி ஒருவனை அள்ளியிருந்தார்கள். அதனால் அந்தக் கூட்டத்தில் கண்ணைவிடக் காதுக்கு மரியாதை அதிகம்.

சத்தம் பிந்தத் தொடங்கியபோது முதலில் மருந்தின் மேல் பழி விழுந்தது, ஈரம் பட்டிருக்கும் என்றார்கள். சத்தம் வராத நாட்களில், எல்லாம் வெடித்துவிட்டது என்று மாடசாமி சொல்வதை நம்பி உள்ளே போனார்கள். பிறகு மலையைக் காக்கிற முனிக்குக் கோபம் என்று ஓர் ஆட்டை வெட்டினார்கள். அந்த ஆட்டின் கறியை வீரய்யாவின் பெண்சாதி மாரியாயி சமைத்துச் சட்டியின் மூடியைத் திறந்தபோது, முந்தாநாள் வெடியில் ஒன்று உள்ளேயிருந்து வெளிப்பட்டுக் குழம்பு கூரை வரைக்கும் தெறித்தது. கடைசியில் பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் பெரஹரா ஊர்வலத்துக்கு மேளம் அடிக்கிற ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். தன்னோடு அடித்த ஒருவன் அபின் தின்னப் பழகியதாகவும், அந்த வருடம் ஊர்வலம் முடிந்து யானைகளைக் கட்டிய பிறகுதான் அவனுடைய மேளச்சத்தம் தெருவில் வந்ததாகவும் சொன்னார். அபின் தின்கிறவனுக்கு நேரம் மெதுவாக ஓடும், கூடவே அவன் கைபட்ட சத்தமும் மெதுவாகிவிடும், இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் விதம் மாறிப்போனது. யார் கொட்டாவி விடுகிறார்கள், யார் அடிக்கடி ஒதுங்கப் போகிறார்கள், யாருடைய கண்மணி சுருங்கியிருக்கிறது என்பதையெல்லாம் வீரய்யா கவனித்தான். தேத்தண்ணிச் சிரட்டைகளை முகர்ந்து பார்த்தான். தலையணைக்கடியில் கத்தி வைத்துப் படுத்தவனும், தன் வெற்றிலைப் பையை இன்னொருவன் தொட்டான் என்று அடிதடிக்குப் போனவனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். வீரய்யாவின் சந்தேகம் தம்பையாவின் மேல் விழுந்தது. தம்பையா சில நாட்களாகக் கண் சொருகி நின்றான். குளிர்காலையிலும் வியர்த்தான். சம்மட்டி உளியின் தலையை விட்டு நழுவி, ஒரு தடவை வீரய்யாவின் கட்டைவிரலை உரசிக்கொண்டு போனது.

"கொஞ்சம் கை வழுக்கிருச்சு" என்றான் தம்பையா.

"கை வழுக்குச்சா, கண்ணு வழுக்குச்சா?" என்று கேட்டான் வீரய்யா.

மத்தியானம் அவன் மற்றவர்களிடம் சொன்னான். அவர்கள் தம்பையாவின் மூட்டையைப் பிரித்தார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைத் தூள் இருந்தது. அபின் கறுப்பு என்பதை நினைத்துப் பார்க்க அப்போது ஒருவருக்கும் பொறுமை இல்லை. தூளை ஓடையில் கொட்டினார்கள். அது காய்ச்சலுக்குத் தருகிற கொய்னா மருந்து. முறைக்காய்ச்சல் என்று தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று தம்பையா அதை மறைத்து வைத்திருந்தான். அவன் யாரோடும் சண்டை போடவில்லை. சம்மட்டியைத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, நடுங்கிக்கொண்டே கொஸ்லந்தப் பக்கம் நடந்தான். அவன் போன பிறகும் வெடிச்சத்தம் பிந்தித்தான் வந்தது.

வீரய்யாவுக்கு உண்மை தெரிந்தது ஓர் இருமலால். ஒரு காலை மாடசாமி சுரங்க வாசலில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து திரியை அளவாக வெட்டிக்கொண்டிருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், வாய் திறந்தது, தோள் குலுங்கியது. சத்தம் எதுவும் வரவில்லை. அவர் எழுந்து ஓடைப்பக்கம் போய் வெகு நேரம் ஆன பிறகு, ஆளில்லாத அந்தக் கல்லின் மேலிருந்து அவருடைய இருமல் கேட்டது. வீரய்யா உளியைக் கீழே போட்டுவிட்டு ஓடைக்குப் போனான். மாடசாமி இடுப்பு முடிச்சிலிருந்து பொடி டப்பாவை எடுத்து, மிளகளவு கறுப்பு உருண்டை ஒன்றை வெற்றிலையில் மடித்துக்கொண்டிருந்தார்.

மாடசாமி அந்தக் கூட்டத்திலேயே மூத்தவர். வெடிச்சத்தம் கேட்டால் கல் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று வீரய்யாவுக்குச் சொல்லிக்கொடுத்தவர், இரண்டு தடவை அவனை முடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியவர். அவரைத் தவிர மற்ற எல்லாரையும் தான் சந்தேகப்பட்டதை வீரய்யா அப்போதுதான் உணர்ந்தான்.

"நீங்களா அண்ணே?"

மாடசாமி மறைக்கவில்லை. வலது கையை நீட்டிக் காட்டினார். காற்றில் முருங்கையிலை ஆடுவது போல அது ஆடியது. "பாறை உருண்டு முதுகுல விழுந்துச்சுல்ல, அப்ப வலிக்குன்னு வைத்தியரு குடுத்தாரு. வலி போயிருச்சு, இது போகல. இத போடலன்னா திரியில நெருப்ப வைக்க கை நிக்க மாட்டேங்குது. போட்டா கை நிக்கிது, சத்தம் நின்னு போவுது. நான் என்னடா செய்ய?"

"தம்பையாவ தொரத்துனப்போ பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

மாடசாமி டப்பாவை மூடி இடுப்பு முடிச்சில் செருகினார். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடுகிறேன், ஓவர்சியரிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று கேட்டார். வீரய்யா ஒத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவனுக்கு நிம்மதியே இல்லை. மாடசாமி குனிந்தால் ஏன் குனிகிறார் என்று பார்த்தான், சிரித்தால் இன்றைக்கு ஏன் சிரிக்கிறார் என்று யோசித்தான். அவர் நல்லபடியாக இருந்த நாட்களிலும் அவன் நம்பவில்லை. மாரியாயி அவனுக்குச் சோறு போடும்போது, "அந்த ஆளையே பாத்துப் பாத்து ஒனக்கும் கண்ணு சொருகுது. யாராச்சும் ஒன்னயப் புடிக்கப் போறாங்க" என்றாள்.

சித்திரை வெயிலில் ஒரு நாள் வெடி வைத்துவிட்டு எல்லாரும் வெளியே நின்றார்கள். சுரங்க வாயிலிருந்து புகை வந்தது, கல் பொடி வந்தது. சத்தம் ஒன்றுகூட வரவில்லை. பாதை வேலையைப் பார்க்க வந்திருந்த பெரிய தொரை, பாறை உடைந்துதானே கிடக்கிறது, ஏன் நிற்கிறீர்கள் என்று தடியால் பூட்ஸைத் தட்டினார். ஓவர்சியர் இத்ரூஸ் பதுளைக்காரர். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு மாடசாமியிடம் வந்தார்.

"எல்லாம் வெடிச்சிட்டா மாடசாமி? சரியா சொல்லுங்க."

"எல்லாம் வெடிச்சிருச்சுங்க ஐயா."

முதல் ஆளாக உளியோடு உள்ளே போக வேண்டியவன் வீரய்யாதான். அவன் மாடசாமியின் கண்ணைப் பார்த்தான். கண்மணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. வீரய்யா உளியைக் குறுக்கே போட்டுச் சுரங்க வாசலில் உட்கார்ந்தான்.

"நான் போக மாட்டேன். யாரையும் விடவும் மாட்டேன். அண்ணன் அபினி திங்கிறாரு ஐயா. சத்தம் இன்னும் வரல. எத்தன வெடிச்சுதுன்னு அவருக்கே தெரியாது."

மாடசாமி அவனை அடிக்க வருவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் அடிக்கவில்லை. துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தொரை இங்கிலீஷில் ஏதோ கத்தினார். இத்ரூஸ் சுரங்கத்துக்குள் விஷப்புகை இருக்கிறது, இப்போது போனால் ஆள் சாகும் என்று அவரிடம் ஒரு பொய் சொல்லி, பங்களாவுக்கு அனுப்பி வைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "சத்தம் வார வரைக்கும் ஒத்தனும் உள்ளுக்கு போகவாணாம்" என்றார்.

காத்திருந்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு முதல் வெடி தண்ணீர்ப் பீப்பாயிலிருந்து வந்தது. அடுத்தது ஓடைக்கு அக்கரையில் மேய்ந்த மாட்டின் வயிற்றுக்கடியிலிருந்து வந்தது, மாடு திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து மேய்ந்தது. ஒன்று பெரிய தொரையின் பங்களா மேசைக்கடியில் கேட்டதாகச் சமையல்காரர் வந்து சொன்னார். நிழல் கிழக்கே நீளும் வரையில் எண்ணினார்கள். ஒன்று குறைந்தது. இத்ரூஸும் வீரய்யாவும் வாளியில் தண்ணீரோடு உள்ளே போனார்கள். உடைந்த பாறையின் இடது ஓரத்தில், வீரய்யா வழக்கமாக உளியை வைக்கிற உயரத்தில், மருந்து நிரம்பிய துளை ஒன்று முழுசாக இருந்தது. திரி பாதியில் அவிந்திருந்தது. இத்ரூஸ் தண்ணீர் ஊற்றி மருந்தைக் கரைத்தார். வீரய்யா தன் வாளியையும் எடுத்துக் கொடுத்தான்.

வெளியே வந்ததும் இத்ரூஸ் மாடசாமியிடம் கையை நீட்டினார். "மருந்துப் பெட்டிச் சாவிய தாங்க. ஒங்கள தொரத்த மாட்டன். நோவு ஈக்கிற மனிசன் எங்க போவீங்க? லயத்தில கிடங்க, ஒடம்பு சரியானா மண் அள்ள வாங்க. மருந்தும் திரியும் இனி ஒங்களுக்கு இல்ல. இத நான் ரெண்டாம் தரம் சொல்ல மாட்டன்."

மாடசாமி சாவியைக் கொடுத்தார். கேட்காமலேயே பொடி டப்பாவையும் கொடுத்தார்.

தொடர்ந்து வந்த மழை நாட்களில் அவர் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், தன் காம்பரா அறையில் கிடந்தார். கால்கள் தானாகத் துள்ளின, பாய் வியர்வையில் ஊறியது. அவருடைய உடம்பிலிருந்து, பல மாதங்களாக வந்து சேராமல் தங்கியிருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பாறை வெடிகள் பகலெல்லாம் காம்பராவுக்குள் வெடித்தன, தகரக்கூரை எழும்பி எழும்பி உட்கார்ந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் பிள்ளைகளின் காதில் பஞ்சை வைத்துவிட்டு வேலைக்குப் போனார்கள். இடையிடையே சின்னச் சத்தங்களும் வந்தன. யாருக்கும் கேட்காத ஒரு தும்மல், ஒரு சிரிப்பு, "தம்பையாவ விடுங்கடா, அது நான்தான்" என்று என்றைக்கோ வாயசைத்து வராமல் போன ஒரு பேச்சு. கஞ்சிக் கோப்பையோடு நின்றிருந்த வீரய்யா அதைக் கேட்டுத் திகைத்துப் போனான். அது உண்மையாகவே அன்றைக்குச் சொன்னதுதானா, இன்றைக்குப் புதிதாகச் செய்ததா என்றும் அவன் மனம் ஒரு கணம் கேட்டது.

"போட்டுக் குடுத்தவன் கஞ்சிய நான் குடிக்கணுமா?" என்றார் மாடசாமி.

"கஞ்சி மாரியாயி காச்சுனது. குடிச்சிட்டு என்னய திட்டுங்க."

அவர் குடித்துவிட்டுத் திட்டினார். மறுநாளும் அப்படியே நடந்தது. ஒரு வாரத்தில் திட்டு குறைந்தது, மாதம் ஒன்று ஆனதும் கூடையைத் தூக்கிக்கொண்டு மண் அள்ள வந்தார். வீரய்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஸ்லந்தவுக்கு நடந்துபோய்த் தம்பையாவைக் கண்டுபிடித்தான். தம்பையா தேயிலை மலையில் செடிகளின் தலையைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தான். உடம்பு தேறியிருந்தது. வீரய்யா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "ஒன்மேல கோவம் இல்ல. ஆனா ஒன் உளிய நான் அடிக்க மாட்டேன். இனிமே அடிச்சா ஒன் கையப் பாக்க மாட்டேன், ஒன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றான். வீரய்யா திரும்பி வந்து புது ஆளோடு வேலை செய்தான்.

அதன் பிறகு வெடிகள் வெடித்த இடத்திலேயே, வெடித்த நேரத்திலேயே கேட்டன. சுரங்கம் மறுபக்கம் திறந்தது. தண்டவாளம் போட்டார்கள். மாடசாமி பாதையைப் பார்க்கும் வேலையில் சேர்ந்து ஆணிகளைத் தட்டிச் சரிபார்த்தார். கை கொஞ்சம் ஆடும், ஆனால் தட்டின ஆணி உடனே சத்தம் போட்டது. ஆனாலும் வருடக்கணக்காக, காலையில் முதல் வேலையாக வீரய்யா அவருடைய கண்ணைப் பார்ப்பதை விடவில்லை. மாடசாமியும் அதற்கென்றே ஒரு நிமிடம் வெளிச்சத்தில் நின்று காட்டிவிட்டுப் போவார்.

முதல் ரயில் வந்த நாளில் பாதையோரம் முழுக்கச் சனம். தேங்காய் உடைத்தார்கள், இத்ரூஸ் புதுத் தொப்பி போட்டிருந்தார். எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு சுரங்கத்திலிருந்து வெளியே வந்து எல்லார் முன்னாலும் கடந்து போனது. ஊசி விழுந்தாலும் கேட்கிற அமைதியில் போனது. சக்கரம் உருண்டது, ஊதுகுழலில் ஆவி பறந்தது, சத்தம் மட்டும் இல்லை. சனங்கள் கொஞ்சம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது ரயிலின் இரைச்சலும் ஊதலும் வந்து லயங்களைக் கடந்து போயின.

வீரய்யா சோற்றுக் கையோடு எழுந்து போய் மாடசாமியின் வாசலில் நின்றான். அவர் கண்மணி அகலமாக, தெளிவாக இருந்தது. முட்டையோடு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்னயப் பாக்காத. நான் தின்னு வருசமாச்சு" என்றார். "மலைகிட்டப் போய்க் கேளு. எங்கூட இருந்து அதுவும் பழகிருச்சு போல."

மலையை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த இடத்தில் பாதையைக் கடக்கிறவர்கள் காதை நம்பாமல் இரண்டு பக்கமும் கண்ணால் பார்த்துவிட்டுக் கடந்தார்கள், பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தார்கள். காலை ரயில் போன பிறகு கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள், அதன் சத்தம் வந்ததும் கூடையை இறக்கிவைத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள்.