மூன்றாவது கேள்வி

பெங்களூரில் பழைய மதராஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் அந்தப் பெண்கள் கல்லூரியில், 'தகவல் அறிவு' என்று ஒரு புதுப் பாடம் வைத்தார்கள். தகவலும் போதாது, அறிவும் போதாது என்று மதிப்பீட்டுக் குழு போன தடவை எழுதிவிட்டுப் போனதால், இரண்டையும் ஒரே பாடத்தில் அடைத்துவிட்டார்கள். நடத்துவது பார்கவி. ஒப்பந்த ஆசிரியை, மே மாதம் போகும் வேலை ஜூலையில் திரும்பி வரும். இந்த முறை குழு நல்ல கிரேடு கொடுத்தால் அவளை நிரந்தரமாக்குவதாகப் பிரின்சிபால் டாக்டர் ராஜேஷ்குமார் வாக்குக் கொடுத்திருந்தார்.

எதைப் படித்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள் என்று சொல்லித் தந்தாள் பார்கவி. யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? சொல்வதால் அவருக்கு என்ன ஆதாயம்?

வகுப்பில் அதை நிஜமென்று நம்பியவள் ஜோகுபாளையத்து ரக்ஷா ஒருத்திதான். குழுவின் முன் பேசப் பார்கவி அவளையே தேர்ந்தெடுத்தாள். தலைப்பைத் தேர்ந்தெடுத்தவர் பிரின்சிபால்: அல்சூரில் பெண்களுக்கு முதல் இரவுப் பள்ளி தொடங்கியவர், நம் சேர்மன் கிருஷ்ணப்பாவின் தாத்தா.

ஒரு வாரம் கழித்து ரக்ஷா வந்தாள். "மிஸ், இது சுத்துது."

"எது?"

"காலேஜ் வெப்சைட்ல, பேப்பர்ல வந்துதுன்னு போட்டுக்கிறாங்க. பேப்பர்ல, சேர்மன் சொன்னாருன்னு போட்டுக்கிறாங்க. சேர்மன் வீடியோல, வெப்சைட்ட பாருங்கன்றாரு. நானும் செக்குமாடு மாதிரி சுத்திட்டேன். ஆவணக் காப்பகத்துலயும் தேடினேன். தாத்தா பேர்ல ஸ்கூல் எதுவும் இல்ல மிஸ். சாராயக் கடை ஒண்ணு கீது."

பார்கவி போய்ச் சொன்னதும் பிரின்சிபால் பதறவில்லை. ஆதாரம் இல்லாமல் காரியம் நடத்திப் பழகியவர்.

"ஆதாரம் இல்லைன்னா உண்டாக்கணும்மா. நம்ம காலேஜ் ஆய்விதழ் எதுக்கு இருக்கு? நீங்க ஒரு கட்டுரை எழுதுங்க. நிபுணர் பரிசீலனை நானே பண்ணிடறேன்."

"எதை வெச்சு சார் எழுதறது?"

"வெப்சைட் இருக்கே!"

பார்கவி கிளம்பத் திரும்பியதும் பிரின்சிபால் கன்னடம் கலந்து தொடர்ந்தார்.

"ஆமேலே, அப்புறம் உங்க மூணாவது கேள்வி. ஆதாயம் கீதாயம்னு. ஸ்வல்ப நெகட்டிவா இருக்கு, எடுத்துடுங்க. உங்க பர்மனென்ட் ஆர்டர் டைப் ஆகி என் டேபிள்லயே இருக்கு. கையெழுத்துதான் பாக்கி."

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினாள். பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு. அத்தனையும் ஒரே வெப்சைட். இதழ் அச்சாகி வந்ததும் ரக்ஷாவிடம் நீட்டினாள். "ஆதாரம் கிடைச்சிருச்சு. இதை வெச்சுப் பேசு."

ரக்ஷா கட்டுரையின் மேலிருந்த பெயரைப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்தாள். "சரி மிஸ்."

குழு வந்தது. மைசூர் பேட்டா தலைப்பாகையும் சால்வையுமாக, முதலிரவுக்குக் காத்திருக்கும் கிழ மாப்பிள்ளைகள் போல வரிசையாக உட்கார்ந்தார்கள். ரக்ஷா நன்றாகவே பேசினாள். குழுத் தலைவர் சேலத்துக்காரர். தமிழ்ப் பெண் என்றதும் தூக்கத்தைத் தியாகம் செய்தார்.

"எல்லாம் சரிம்மா, ஆதாரம்?"

"எங்க மிஸ் மூணு கேள்வி கத்துக் குடுத்தாங்க சார். யார் சொன்னது? எங்க பார்கவி மிஸ். அவங்களுக்கு எப்படித் தெரியும்? வெப்சைட்ட பாத்து."

"மூணாவது?"

முன்வரிசையில் பிரின்சிபாலின் சிரிப்பு, எடுக்க மறந்த போஸ்டர் போல ஒட்டிக்கிடந்தது. பார்கவி நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அத சிலபஸ்லருந்து எடுத்துட்டாங்க சார்" என்றாள் ரக்ஷா. பார்கவியின் பக்கம் திரும்பவே இல்லை.

"வெரி குட்! ரெண்டே போதும். பசங்களுக்குப் பாரம் குறையும்" என்றார் தலைவர். எல்லோரும் கைதட்டினார்கள்.

கிரேடு வந்தது. ஆர்டரும் வந்தது. மறுநாள் நிரந்தர ஆசிரியை பார்கவி பலகையில் இரண்டு கேள்விகளை எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"சந்தேகம் எதாவது இருக்கா, ரக்ஷா?"

"இல்ல மிஸ்" என்றாள் ரக்ஷா. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."