மூன்று மணிக்குத்தான்

என் கணவர் மிட்சுனோரி யாரையும் தொந்தரவு செய்யமாட்டார். அதற்காக என்னை எவ்வளவு வேண்டுமானாலும் தொந்தரவு செய்வார்.

விடுதிக்கு எதிரே பேருந்தை விட்டு இறங்கியபோது மணி ஒன்றரை. சாலையைக் கடந்தால் விடுதி வாசல். கல் பதித்த வாசலில் அப்போதுதான் தண்ணீர் தெளித்திருந்தார்கள். விருந்தாளி வரலாம் என்று அதற்கு அர்த்தம். கீழே கடல் உள்வாங்கிக்கொண்டிருந்தது. பாறைகளுக்கு நடுவே அந்த வெந்நீர்க் குளம் மெல்ல வெளியே வந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"வாங்க, போலாம்" என்று பையை எடுத்தேன்.

"மூணு மணிக்குத்தான் அறை" என்று அவர் நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"கேட்டுப் பாக்கலாமே. அறை வேண்டாம், குளத்துக்கு மட்டும்."

"கேட்டா அவங்களால முடியாதுன்னு சொல்ல முடியாது. சங்கடப்படுவாங்க."

அந்தக் குளம் எப்போதும் இருக்கும் குளம் இல்லை. பாறை வெடிப்பிலிருந்து வெந்நீர் வருகிறது. அலை ஏறினால் கடல் அதை மூடிவிடும். தண்ணீர் நன்றாக இறங்கியிருக்கும் இரண்டு மணி நேரம்தான் மனிதர்களுக்கு. அன்றைக்கு இரண்டு நாற்பதுக்குக் கடல் கடைசிவரை இறங்கும், மூன்றே முக்காலுக்குக் குளம் முழுகிவிடும் என்று அட்டவணையில் போட்டிருந்தது. அந்த அட்டவணையைப் பார்த்து நாள் குறித்தவள் நான். ஏனென்றால் அடுத்த புதன்கிழமை எனக்கு இடது மார்பை எடுக்கப்போகிறார்கள்.

கல்யாணமான புதிதில் இந்தச் சாலையில் பேருந்தில் போகும்போது அந்தக் குளத்தைப் பார்த்தேன். வயதான ஒரு தம்பதி கழுத்துவரை மூழ்கி, கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் நாமும் உட்காரலாம் என்றேன். சரி என்றார். முப்பத்தொரு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த அன்று, சாப்பாட்டு மேசையில் வைத்து அவரிடம் நேராகவே சொன்னேன். "முழு உடம்போட ஒரு தடவை அந்தக் குளத்துல உட்காரணும். அப்புறம் எனக்கு மனசு வருமான்னு தெரியல." அவர் எழுந்துபோய் விடுதியின் எண்ணைத் தேடினார்.

அவ்வளவும் தெரிந்த மனிதர் அந்த பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சோற்று உருண்டையைப் பிரித்து எனக்கொன்று தந்தார். நான் வாங்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடம் தபால் அலுவலகக் கவுன்டரில் நின்ற பழக்கம். ஜன்னல் திறக்கும் நேரத்துக்கு முன்னால் வந்து தட்டுகிறவர்கள் அவரைப் பொறுத்தவரை கெட்டவர்கள்.

இரண்டு ஐம்பத்தாறுக்கு எழுந்தார். சாலையைக் கடந்ததும் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. வாசலருகே பைன் மரத்தின் பின்னால் என்னையும் இழுத்து நிறுத்தி, அதையும் கழித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

விடுதிக்காரம்மா மண்டியிட்டு வரவேற்றார். பச்சைத் தேநீர் வந்தது. உப்பிட்ட செர்ரி இலையில் சுற்றிய இனிப்பு வந்தது. பதிவேட்டில் என் கணவர் ஒவ்வொரு எழுத்தையும் கோவில் பலகைக்கு எழுதுவதுபோல் எழுதினார். நான் தேநீரை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

அறைக்குக் கூட்டிப்போன பணிப்பெண் தோமிகோ பாய்மேல் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தாள். அங்கி இங்கே, துண்டு இங்கே, நெருப்புப் பிடித்தால் இந்தப் படி.

"அந்தக் கடல் குளம்..." என்று ஆரம்பித்தேன்.

என் கணவர் என் முழங்காலைத் தட்டினார். "அவங்க முடிக்கட்டும்."

முடித்தாள். கடைசியாக, "கடல் குளம் மூணே முக்கால் வரைக்கும்தாங்க அம்மா" என்றாள். மணி மூன்று முப்பத்தொன்று.

அங்கியை மாற்றிக்கொண்டு மரச்செருப்போடு கல்படிகளில் ஓடினேன். ஐம்பத்தொன்பது வயதில் ஓடக்கூடாத ஓட்டம். கீழே ஒரு ஆள் படிக்குக் குறுக்கே கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அலை கொஞ்சம் பெரிதாக வருகிறதாம். இடுப்பு ஒடிகிற அளவுக்குக் குனிந்து மன்னிப்புக் கேட்டான். அவன் தலைக்கு மேலாகப் பார்த்தேன். கடல் ஒரு கை தண்ணீரை அள்ளிக் குளத்துக்குள் போட்டது. பிறகு இன்னொரு கை. கொஞ்ச நேரத்தில் அங்கே குளம் இருந்த இடமே தெரியவில்லை.

சாப்பாட்டில் பாறைமீன் வந்தது, நத்தை வந்தது, சின்னச் சின்னக் கிண்ணங்களாக வந்துகொண்டே இருந்தது. எனக்கு எதுவும் இறங்கவில்லை.

"மீன் நல்லாயிருக்கு" என்றார்.

"நாளைக்கு மூணு இருபதுக்குத் தண்ணி இறங்கும். அதுவரைக்கும் இருக்கலாமான்னு கேளுங்க."

"பத்து மணிக்குக் காலி பண்ணணும், செட்சுயோ. அடுத்து வர்றவங்களுக்கு அறையைச் சுத்தம் பண்ண வேண்டாமா?"

"அடுத்து வர்றவங்க யாரு? பேர் தெரியுமா? ஊர் தெரியுமா?"

அவர் மீன் முள்ளைக் கிண்ணத்தின் ஓரத்தில் ஒதுக்கினார்.

"முன்பின் தெரியாதவங்களுக்கெல்லாம் கவலைப்படுறீங்க. நானும் வெளியாளாப் பொறந்திருந்தா தேவலாம் போல."

அவர் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, கைகளைப் பாயில் ஊன்றிக் குனிந்து, "மன்னிச்சுக்கோ" என்றார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தபால் தலை தீர்ந்துபோனால் கவுன்டரில் இப்படித்தான் குனிந்திருப்பார்.

காலையில் கிளம்பும்போது விடுதிக்காரம்மா என் பையைத் தானே தூக்கிவந்தார். "நேத்து ஒன்றரை மணிக்கே உங்களைப் பஸ் நிறுத்தத்துல பாத்தோம். அறை பன்னிரண்டுக்கே தயாருங்க. கூப்பிடலாமான்னு தோமிகோ கேட்டா. கடலைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருக்காங்க, இடைஞ்சல் பண்ணாதேன்னு நான்தான் சொன்னேன்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்தார்.

இந்தப் பக்கம் ஒருவர் பெஞ்சில், அந்தப் பக்கம் ஒருவர் ஜன்னலில். இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருந்தார்கள், நடுவில் கடல் என் குளத்தை மூடிவிட்டது. யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு விடுதியின் வேனில் ஏறினேன்.

விடுதி ஆட்கள் ஆறு பேரும் வாசலில் வரிசையாக நின்று குனிந்தார்கள், பிறகு கையசைத்தார்கள். வண்டி கண்ணுக்கு மறையும்வரை அசைப்பார்கள். என் கணவரும் பின்பக்கம் திரும்பி, வளைவு வரும்வரை தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

வளைவு தாண்டியதும், "நிறுத்துங்க" என்றேன்.

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். ஆனால் கண்ணாடியில் பார்த்தது என் கணவரை. அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தார்.

"ரயில் பத்து ஐம்பத்திரண்டுக்கு" என்றார் என் கணவர்.

"நீங்க போங்க. நான் அந்த பெஞ்சுலேயே உட்கார்ந்துக்கிறேன். பெஞ்சு யாருக்கும் தொந்தரவு இல்லையே?"

குரல் உடைந்துவிட்டது. உடையக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், பயனில்லை.

வழியனுப்பிய இடத்துக்குத் திரும்பிப் போவதைவிட அவருக்குப் பெரிய அவமானம் கிடையாது. காது மடல்கள் சிவந்தன. கையை முழங்காலில் தேய்த்தார். பிறகு, "ரொம்ப மன்னிக்கணும். வண்டியைத் திருப்புங்க" என்றார்.

விடுதி ஆட்கள் அப்போதுதான் உள்ளே போகத் திரும்பியிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவசரமாக மறுபடி வரிசை கட்டினார்கள். குனிவதா கையசைப்பதா என்று அவர்களுக்கே குழப்பம். என் கணவர் இறங்கினார். நடுச்சாலையில் நின்றார்.

"என் மனைவிக்குப் புதன்கிழமை மார்புல ஆபரேஷன். அதுக்கு முன்னாடி அந்தக் குளத்துல உட்காரணும்னுதான் வந்தா. நேத்து என்னாலதான் கெட்டுது. மத்தியானம் வரைக்கும் எங்கேயாவது ஓரமா இருந்துக்கிறோம். தொந்தரவுதான். ஆனா இருக்கணும்."

என் அக்காவிடம்கூட நான் சொல்லாத விஷயம். ஆறு பேர் முன்னால், சாலையில், அந்தக் குரலில். எனக்குக் கூசியது. அடிக்கலாம் போலவும் இருந்தது, அழவும் வந்தது.

"ஓரமா எதுக்குங்க?" என்று விடுதிக்காரம்மா என் பையை மறுபடி வாங்கிக்கொண்டார்.

இரண்டேகாலுக்குக் குளம் வெளியே வந்தது. படியின் மேலே அந்தம்மாவே கயிற்றைக் கட்டிவிட்டுப் போனார், வேறு யாரும் இறங்காதபடி. தண்ணீர் சூடாகவும் லேசாகக் கரிப்பாகவும் இருந்தது. நான் கழுத்துவரை மூழ்கிக் கடலைப் பார்த்து உட்கார்ந்தேன். இடது கையை மார்பின்மேல் வைத்துக்கொண்டேன். என்னவோ வழியனுப்புகிற மாதிரி இருந்தது.

என் கணவர் கடைசி மூலையில் காலை மடக்கி ஒடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஏன் அங்க?"

"யாராவது வந்தா இடம் வேணுமில்ல?"

"கயிறு கட்டியாச்சு. கிட்ட வாங்க."

ஒரு சாண் நகர்ந்தார்.

"இன்னும்."

வந்து என் இடது பக்கத்தில் உட்கார்ந்தார். தோள் தோளில் பட்டது. கடல் போன தூரம் போய்விட்டுத் திரும்ப ஆரம்பித்தது. முதல் அலை குளத்தின் விளிம்பை நனைத்தபோது, மேலே படியருகே தோமிகோ துண்டுகளோடு நிற்பது தெரிந்தது.

"எந்திரிக்கலாமா? அவங்க காத்துக்கிட்டிருக்காங்க" என்று கேட்டேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இருக்கட்டும்" என்றார்.