ஷிஃப்டும் ஸ்பேஸும்

வேலைக்கான பேட்டி தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். கராமின் முன்னாலிருந்த பெரிய திரையிலிருந்து எழுத்து விண்டோ மறைந்து, மியோக்கின் மடிக்கணினிக்குத் தாவி வந்தது. மியோக்கின் விரல்கள் ஒரு கணம் தடுமாறின. பிறகு பழக்கத்தில் எதையோ அழுத்தின. விண்டோ திரும்பிப் போனது.

கராமுக்குக் காது கேட்காது. பேட்டி எடுப்பவர்கள் பேசுவதை மியோக் அப்படியே தட்டச்சு செய்வாள். கராம் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வாள். காலையில் லிஃப்ட்டில் கராம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இது மூணாவது இன்டர்வியூ, அக்கா. முதல் ரெண்டுலயும் எழுத ஆளில்ல, தலையாட்டியே தோத்தேன். இன்னைக்கு நீங்க தப்பா அடிச்சா நானும் தப்பாத்தான் பதில் சொல்லுவேன், பாத்துக்குங்க." அதற்கு ஒரு பதில் மியோக்குக்கு ஐந்தாவது மாடியில் தோன்றியது. சொல்லவில்லை.

நேற்று மதியம்தான் மடிக்கணினியின் லினக்ஸில் புதிய குறுக்குவிசைகளை வைத்திருந்தாள். மவுஸைத் தேடுவது எரிச்சலாக இருந்தது. விண்டோவை இடப்பாதிக்குத் தள்ள ஒன்று, வலப்பாதிக்கு ஒன்று. அடுத்த திரைக்குத் தள்ள ஷிஃப்டும் ஸ்பேஸும். விரல் தானாகவே அங்கே போனது. ஏன் போனது என்று அவள் யோசிக்கவில்லை. எட்டு வருடமாகக் கொரிய எழுத்திலிருந்து ஆங்கில எழுத்துக்கு அவள் மாறியது அந்த இரண்டு விசைகளால்தான்.

இப்போது ஆங்கிலக் கலைச்சொல் வரும்போதெல்லாம், எழுத்து மாறுவதற்குப் பதில் விண்டோ பறந்தது. சொல் கொரிய எழுத்துக் குப்பையாக விழுந்தது. அடித்து முடித்ததும் கட்டைவிரல் மறுபடி அழுத்த, விண்டோ திரும்பியது. கராம் பார்த்தது குப்பையும் 'பற்றிச் சொல்லுங்கள்' என்பதும் மட்டும்.

"இது முதல் வருஷப் பாடம்மா. இதுகூடத் தெரியலையா?" என்றார் குழுத் தலைவர் பியோன். பக்கத்திலிருந்த பெண் காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டாள். கராம் புன்னகையுடன் தலையாட்டினாள்.

எழுதுபவள் அறையில் பேசக்கூடாது. விளக்கக்கூடாது. இந்த வேலைக்கு வந்த ஆறு வருடத்தில் மியோக் ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை. இனி அழுத்தக்கூடாது என்று கட்டைவிரலை மடக்கிக்கொண்டாள். அடுத்த கேள்வியிலேயே அது நழுவிப்போய் அழுத்தியது.

விண்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு, மியோக் இடக்கையை உயர்த்தினாள்.

"என்ன?" என்றார் பியோன்.

பேசியதை எல்லாம் எழுத வேண்டும். வலக்கையால் எழுதினாள்: 'பியோன்: என்ன?'

அடுத்த வரியில், பேசுபவர் பெயர் வர வேண்டிய இடத்தில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள்.

'மியோக்:'

அதற்குப் பக்கத்தில் கர்சர் கோடு துடித்துக்கொண்டிருந்தது. கராம் திரையிலிருந்து கண்ணை எடுத்து, மியோக்கின் உதடுகளைப் பார்த்தாள்.